கண் அழுத்தம் பதினைந்து

எங்கள் ஆபீசில் காலாவதியான பேப்பர் என்று ஒன்று கிடையாது. இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். இப்போது சொல்லும்போது நாக்கு கூசுகிறது. ஆனாலும் அங்கிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் யோகலட்சுமி. காரைக்குடியில் சேவுகப்பெருமாள் டிரான்ஸ்போர்ட்டில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். பதினெட்டு லாரிகள். எல்லாம் தைலமரக் கட்டை ஏற்றிக்கொண்டு பேப்பர் மில்லுக்குப் போகிறவை. முதலாளிக்கு லாரியைத் தெரியும், டிரைவர்களைத் தெரியும், எந்த ஊரில் யார் தோப்பு வெட்டுக்கு வருகிறது என்பதும் தெரியும். பேப்பர் என்றால் மட்டும் கொட்டாவி விடுவார். எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, டிரைவர் லைசென்ஸ் எல்லாம் என் தலையில். எந்த வண்டிக்கு எது என்றைக்கு முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வழியில் யாராவது நிறுத்தினால் எங்கள் டிரைவர் ஃபைலை நீட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவார். அவ்வளவு சுத்தம்.

சுத்தம் என்றால் பேப்பர் சுத்தம். பேப்பரில் எழுதியிருப்பது நடந்ததா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மில்காரர்கள் எங்களோடு புதிதாக ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு டிரைவருக்கும் கண் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும். படிவத்தையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறம், பக்கப் பார்வை, கண் அழுத்தம் என்று வரிசையாகக் கட்டங்கள். கீழே கண் டாக்டரின் கையெழுத்தும் சீலும், அதற்குக் கீழே டிரைவரின் கையெழுத்து.

"பதினெட்டு பேரையும் டாக்டர்கிட்டக் கொண்டுபோயி நிறுத்துனா பதினெட்டு லோடு போச்சேத்தா," என்று முதலாளி தலையைச் சொறிந்தார். "அத எங்கிட்ட விடுங்க," என்றேன். இப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு குஷி. முதலாளிக்கு முடியாததை நான் முடித்துக் காட்டுவது.

வெளியூரில் வயதான கண் டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் இப்போது உயிரோடும் இல்லை. வெற்றுப் படிவம் பதினெட்டிலும் கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுத்தார். கட்டங்களை நான் நிரப்பினேன். மாதிரிக்கு என் சித்தியின் கண் ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். கண் அழுத்தம் பத்திலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. எல்லாருக்கும் ஒரே எண் போட்டால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வருமே. ஒருத்தருக்குப் பதினாலு, ஒருத்தருக்குப் பதினாறு, ஒருத்தருக்குப் பதிமூன்று என்று கலந்து கலந்து போட்டேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. பாண்டியராஜண்ணனுக்குப் பதினைந்து விழுந்தது.

பாண்டியராஜண்ணன் கண்டரமாணிக்கத்துக்காரர். அப்போது ஐம்பது வயது இருக்கும். எங்கள் டிரைவர்களில் மூத்தவர். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கேஸ் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டுமென்றால் மற்றவர்கள் ஷெட்டுக்கு வரும்போது அழுக்குக் காக்கிச் சட்டையோடு எட்டிப் பார்த்துக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் ஒரு நாள் காலையில் சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றைய லோடை மாற்று டிரைவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கண்ணு பாக்கணும்னு மில்லுல சொன்னாகளாம்ல தாயி. எங்குட்டுப் போகணும்?"

"எங்குட்டும் போக வேணாம்ணே. எல்லாம் பாத்தாச்சு. இங்கன ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் உடனே போடவில்லை. தாளை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாசித்தார். நான் வேறு வேலையில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ரெண்டு கண்ணும் நல்லாருக்கு," என்றார். கேட்கிறாரா சொல்கிறாரா என்று தெரியவில்லை.

"பருந்துக் கண்ணுண்ணே ஒங்களுக்கு. வயசுப் பசங்களவிட நம்பர் நல்லாருக்கு," என்று கேலி செய்தேன். சிரித்தார். கையெழுத்துப் போட்டார். "இதுல ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?" என்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். டிரைவருக்கு எதற்கு ஜெராக்ஸ் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஒரு மனிதர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே, ஏன் என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த வருஷம் மில்லில் எங்கள் ஃபைலுக்குத்தான் முதல் மார்க். பாதுகாப்பு ஆவணங்களைச் சிறப்பாகப் பராமரித்ததற்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். என் மேஜைக்கு மேலே முதலாளி மாட்டி வைத்தார்.

இந்தத் தை மாதம் லாரி உரிமையாளர் சங்கத்தில் டிரைவர்களுக்கு இலவசக் கண் முகாம் போட்டார்கள். முதலாளி இந்த வருஷம் சங்கச் செயலாளர். மதுரையிலிருந்து ஆஸ்பத்திரி வேன் வருகிறது, கூட்டம் இல்லாவிட்டால் மானம் போய்விடும். "அம்பது தலையாவது வேணும் யோகம்," என்றார். இதுவும் எனக்கு ஒரு பட்டியல் வேலைதான். ஷெட்டில் சும்மா நின்றவர்களையெல்லாம் பிரியாணி உண்டு என்று சொல்லி அனுப்பினேன். பாண்டியராஜண்ணனின் வண்டிக்கு அன்றைக்கு ஷெட்டில் வில்பட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவரும் போனார். வண்டி ஓடியிருந்தால் போயிருக்க மாட்டார்.

மத்தியானம் முதலாளியிடமிருந்து போன். பாண்டியராஜனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறாம், நாளைக்கே மதுரைக்கு வரச் சொல்கிறார்கள், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு நீயும் போய்விட்டு வா என்றார். ஆஸ்பத்திரியில் ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டுமே. நிரப்புவதில் நான் கெட்டிக்காரி.

மதுரையில் காலை முழுவதும் சோதனை. ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளிச்சம் வந்து வந்து போகிறது, அவர் கை அசையாமல் இருக்கிறது. விளையாட்டு புரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பெயர் அனுசுயா. நிதானமாகப் பேசுகிறவர். அண்ணனையும் அவர் மனைவி மாரீஸ்வரியையும் எதிரே உட்கார வைத்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிக்கூடி நரம்பு பட்டுப்போச்சு. வலி இருக்காது. ஓரத்துலருந்து பார்வை போய்க்கிட்டே வரும், நடுவுல நல்லாத் தெரியறதால ஆளுக்கே தெரியாது. இடது கண்ணு ஏறக்குறைய முடிஞ்சுருச்சு. வலதுல ஓரம் போயிருச்சு, நடு இருக்கு. இருக்கறதைக் காப்பாத்தணும். இனிமே வண்டி ஓட்டக் கூடாது." மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதுக்கு முன்னாடி எப்பக் கண்ணு பாத்தீங்க?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. கட்டங்களில் இருந்த என் எழுத்து சுவரோரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். "அழுத்தம் பதினைஞ்சு. பக்கப் பார்வை சரி. இன்னிக்கு முப்பத்தெட்டு இருக்கே. நாலு வருஷத்துலயா இவ்வளவும்? அப்ப நல்லாப் பாத்தாங்களா?"

"பாத்தாக டாக்டரம்மா," என்றார் அண்ணன். "ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்குன்னுதான் எழுதுனாக."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கு வரை மன்னிக்க முடியவில்லை.

டாக்டர் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். இவ்வளவு வேகமாகப் போகிற வகை என்றால் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்க நேரமில்லை, நாளைக்கே வலது கண்ணில் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். அதிலும் ஆபத்து உண்டு. கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிற கண்ணில் கை வைத்தால் சில பேருக்கு இருக்கிற பார்வையும் போய்விடும். "வேற நேரமா இருந்தா மருந்து போட்டுப் பாக்கலாம்னு சொல்வேன். இந்த ரிப்போர்ட்டைப் பாத்த பெறகு காத்திருக்கப் பயமா இருக்கு," என்றார். மாரீஸ்வரி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்.

அண்ணனை வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுதிய ஒரு பொய் எண்ணை நம்பி ஒரு டாக்டர் அந்த மனிதரின் மிச்சக் கண்ணில் கத்தி வைக்கப் போகிறார். உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லாத யோகம்," என்றார். "ஒரு ரிப்போர்ட்டு பொய்யின்னா பதினெட்டும் பொய்யிம்பாக. மில்லு நம்மளக் கைவிட்டுரும். பதினெட்டுக் குடும்பம். டாக்டருக்குத் தெரியாதா, அவுக பாத்துக்கிருவாக."

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலாளியும் அதைத்தான் சொல்கிறார், டாக்டருக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரி பேச ஆரம்பித்திருக்காவிட்டால் அப்படியே உட்கார்ந்திருந்திருப்பேன்.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான்க்கா," என்றார். "நாலு வருசத்துக்கு முந்தி மாசித் தெப்பத்துக்கு திருக்கோஷ்டியூரு போனோம். கொளத்தச் சுத்திப் படியெல்லாம் வெளக்கு. 'என்ன மாரி, இந்த வருசம் அங்குட்டு ஒருத்தரும் வெளக்கு வைக்கலையா'ன்னு கேட்டாரு. திரும்பிப் பாத்தா அவருக்கு எடது பக்கந்தான் அம்புட்டு வெளக்கும் எரியுது. பகீர்னுச்சு. கண்ணக் காட்டுங்கன்னு மூணு நாளு சண்ட போட்டேன். நாலாம் நாளு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு ஒங்க ஆபீசுக்குத்தான் வந்தாரு. காட்டியாச்சு, ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்காம்னு அந்தப் பேப்பரக் கொண்டாந்து எங்கிட்டக் காட்டுனாரு. நானும் படிச்சவுக எழுதுனதுன்னு விட்டுட்டேன்."

ரிப்பேர் ஃபைல் என் கண் முன்னால் விரிந்தது. அவர் வண்டிக்கு நாலு வருஷத்தில் மூன்று தடவை இடது பக்கக் கண்ணாடி மாற்றியிருக்கிறோம். இடது இண்டிகேட்டர் இரண்டு தடவை. இடது பக்கப் பலகை ஒரு தடவை. காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் 'மரக்கிளை உரசியது' என்று எழுதியதும் நான்தான். எல்லாம் எங்கள் ஃபைலிலேயே இருந்தது, தேதிவாரியாக. நான் ஃபைலை அடுக்கி வைக்கிறவள், வாசிக்கிறவள் இல்லை.

எழுந்து டாக்டரின் அறைக்குள் போனேன்.

"அந்த ரிப்போர்ட் பொய் மேடம். யாரும் கண்ணைப் பாக்கல."

"இந்தப் பதினைஞ்சு?"

"நான் போட்டது."

"எதை வச்சுப் போட்டீங்க?"

"இருபதுக்குள்ள இருக்கணும்னு அச்சடிச்சிருந்துச்சு."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, முதலில் எப்போது சந்தேகம் வந்தது என்று கேட்டார். தெப்பத்தைப் பற்றி மாரீஸ்வரி சொன்னார். ரிப்போர்ட்டைப் பற்றி நான் சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் வெளியே போனதும் டாக்டர் சம்மதப் படிவத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். இது பத்து வருஷமாகவே மெதுவாக வந்திருக்க வேண்டும், மருந்து போட்டு அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கலாம், இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார்.

"நாலு வருஷம் முன்னாடி யாராவது நிஜமாவே பாத்திருந்தா இடது கண்ணுலயும் பாதியாவது நின்னிருக்கும்," என்று சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு, "எத்தனை பேருக்கு இப்படி எழுதினீங்க?" என்று கேட்டார்.

"பதினெட்டு."

"மத்த பதினேழு பேரையும் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மூன்று பேராக, ஒரு மாதம் ஆனது. நாலு பேருக்குக் கண்ணாடி, ஒருவருக்குச் சர்க்கரையால் கண்ணுக்குள் கசிவு. மில்லுக்குப் புது ரிப்போர்ட்டும், பழையது ஏன் தப்பு என்று ஒரு கடிதமும் நானே எழுதினேன். மில்காரர்கள் எங்கள் லோடில் பாதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, எஃப்.சி. தேதிகள் வேறு யாருக்கும் தெரியாதே. பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். கேடயத்தை நான் கழற்றி வைத்ததை அவர் பார்த்துவிட்டுப் போனார்.

பாண்டியராஜண்ணனுக்கு வலது கண்ணில் அழுத்தம் இறங்கியது. இருக்கிற பார்வை நிற்கிறது. அந்தச் சொட்டு மருந்து காரைக்குடியில் எல்லா நாளும் கிடைப்பதில்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து இரண்டு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு கண்டரமாணிக்கத்துக்குப் போனேன். மாரீஸ்வரி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தானாகவே மருந்து விட்டுக்கொள்ளப் பார்த்து, கன்னத்தில் விட்டுக்கொண்டிருந்தார். நான் புட்டியை வாங்கிக்கொண்டேன்.

வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். முகம் பார்க்காமல் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட எனக்காகப் பொய் சொன்னீகளே அண்ணே. நான் அத ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"பொய்யா?" என்றார். "நான் என்ன பொய் சொன்னேன் தாயி?"

"கண்ணு பாத்தாகன்னு சொன்னீகள்ல."

"பாத்தாகதான?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"ஆதாருக்கு எடுக்கையில ரெண்டு கண்ணையும் ஒரு மிசின்ல வச்சுப் போட்டோ புடிச்சாகள்ல," என்றார். "அத வச்சுத்தான் டாக்டரு பாத்து எழுதியிருப்பாருன்னு இருந்தேன். நம்பரெல்லாம் போட்டிருந்துச்சே. அந்தத் தெப்பத்துக்கு மறுநாள்லருந்து எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம் தாயி. இன்னையோட வேலையே போயிரும்னு நெனச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு ஆபீசுக்கு வந்தேன். பேப்பரப் பாத்த பெறகுதான் சோறு எறங்குச்சு. அதுக்கப்புறமும் அப்பப்ப ஒரு மாதிரியாத்தான் தெரியும். அப்ப வண்டிய ஓரங்கட்டிட்டு அத எடுத்து ஒரு தடவ வாசிச்சுக்கிருவேன்."

அந்த வயதான டாக்டர் அதில் எழுத்து விழும் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். முதலாளி திறந்து பார்த்ததில்லை. மில்லில் எண்ணி அடுக்கி வைத்துக் கேடயம் கொடுத்தார்கள். நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, நம்பி, அதன்படி நாலு வருஷம் லாரி ஓட்டியது இந்த ஒரு மனிதர்தான்.

"யாரும் பாக்கலண்ணே," என்றேன். "ஆதார் போட்டோவெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த நம்பரெல்லாம் நான் சும்மா போட்டது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மருந்து ஓரத்தில் வழிந்தது, துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பதினைஞ்சுமா?"

"அதுவும்தாண்ணே."

தலையை மெதுவாக ஆட்டினார். ஏதாவது ஒரு வார்த்தை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்கு ஒரு வேலை கொடுக்க நினைத்து, இடது கண்ணுக்கும் விடட்டுமா என்று கேட்டேன்.

"அது எதுக்கு தாயி," என்றார். "மருந்து வீணாப் போகும்."